எருவுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு கணக்கு

எல்லைச் சாலைகள் – 11

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்கு ஏறுகிற மூன்று முக்கியப் பாதைகளில் நடுவில் இருப்பது கம்பம்மெட்டு. வடக்கே போடிமெட்டு, தெற்கே குமுளி. மற்ற இரண்டும் தேசிய நெடுஞ்சாலைகள் என்பதால் அவற்றுக்கு ஒரு கௌரவம் உண்டு. கம்பம்மெட்டுக்கு அந்தக் கௌரவம் சபரிமலை சீசனில்தான் கிடைக்கும். ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பத்திலிருந்து இந்த வழியாக ஏற்றிவிட்டு, திரும்பி வருகிறவர்களைக் குமுளி வழியாக இறக்குவார்கள். கார்த்திகையும் மார்கழியும் போக மீதி மாதமெல்லாம் இது விவசாயத்தின் பாதை.

மலைக்குக் கீழே பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு. இருபோக நெல் மட்டும் 14,707 ஏக்கர் என்பது இந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. மலைக்கு மேலே வண்டன்மேடு, உடும்பன்சோலை வட்டாரத்து ஏலத்தோட்டங்கள். கீழே இருக்கிற வைக்கோல் மேலே மாட்டுக்கு வேண்டும். சாண எருவும் ஆட்டுப்புழுக்கையும் வேப்பம் புண்ணாக்கும் ஏலச்செடிக்கு வேண்டும். களை எடுக்க, கவாத்து செய்ய, காய் எடுக்க ஆள் வேண்டும். இத்தனையும் ஏறுகிறது. இறங்குவது எடையில் மிகக் குறைவு. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் காய்ந்து ஒரு கிலோ ஏலக்காயாகும். அது மூட்டையாகி புற்றடிக்கோ போடிக்கோ ஏலத்துக்குப் போகும். பாரத்தோடு ஏறி லேசாக இறங்குவதுதான் இந்தச் சாலையின் பழக்கம், சாயங்காலம் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும் ஜீப்புகளைத் தவிர.

விவசாயம் இவ்வளவு நடமாடுகிற சாலையில் சட்டம் சொல்லும் விவசாய வண்டியைத் தேடினால் கிடைக்காது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் விவசாய டிராக்டருக்கும் விவசாய டிரெய்லருக்கும் தனித்தனி விளக்கம் இருக்கிறது. டிராக்டர் நாலு சக்கரத்தில் ஓடி வயல் வேலைக்கான கருவிகளையோ டிரெய்லரையோ இழுக்க வேண்டும். டிரெய்லர் பெரும்பாலும் மேல்மூடி இல்லாமல், ஹூக்கில் மாட்டி இழுக்கப்பட்டு, முக்கியமாக விவசாயப் பொருளை ஏற்ற வேண்டும். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இது சரி. மலையில் டிரெய்லர் மாட்டிய டிராக்டரைப் பார்ப்பது அபூர்வம். காரணம் சட்டமில்லை, சரிவு. ஊர்ப்பக்கம் ஓடுகிற டிரெய்லர்களில் தனி பிரேக் இருப்பது அரிது. சமதரையில் அது ஒரு குறையாகவே தெரியாது. இறக்கத்தில் டிராக்டர் பிரேக் பிடித்ததும் பின்னால் இருக்கிற பாரம் நிற்காமல் தள்ளும். நடுவில் ஹூக்கு மடங்கும், வண்டி குறுக்கே திரும்பிவிடும். மலைச்சாலைகளுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த தரத்தில் கொண்டை ஊசி வளைவின் உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர். அந்த வளைவில் டிராக்டர் ஒரு வட்டம் போட்டால் டிரெய்லர் அதற்கு உள்ளே இன்னொரு சின்ன வட்டம் போடும். எதிரே பஸ் வந்தால் இரண்டுக்கும் இடம் போதாது.

டிராக்டரைப் பற்றி நீதிமன்றங்களுக்கே நிறையக் குழப்பம் இருந்திருக்கிறது. சட்டப்படி டிராக்டர் தன்மேல் சுமை ஏற்றும் வண்டி இல்லை, இழுக்க மட்டுமே செய்யும். டிரெய்லரை மாட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து சரக்கு வண்டி ஆகிவிடுமா? நட்வர் பாரிக் நிறுவனத்துக்கும் கர்நாடக அரசுக்கும் இடையிலான வழக்கில், ஆகும், பெர்மிட் வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு நாலு வருடம் முன்பு நாகஷெட்டி வழக்கில் அதே நீதிமன்றம், டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் இருந்தால் டிரெய்லர் மாட்டியிருக்கிறது என்பதற்காக அது செல்லாமல் போகாது என்றது. இரண்டும் அதனதன் கேள்விக்குச் சரியான பதில்தான். ஆனால் டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து போய் விழுந்தவரின் குடும்பம் இழப்பீட்டுக்கு அலையும்போது இந்த நுணுக்கமெல்லாம் ஒத்தாசைக்கு வராது. டிராக்டரில் இருப்பது ஓட்டுநருக்கு ஒரே சீட்டு, மற்றவருக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று கம்பெனி சொல்லிவிடும்.

ஆக, மலைக்கு ஏறுவது பிக்கப்பும் ஜீப்பும் லாரியும். செய்கிற வேலையில் மூன்றும் விவசாய வண்டிகள். ஆர்.சி. புத்தகத்தில் மூன்றும் வேறு எதுவோ.

வைக்கோலில் தொடங்கலாம். வைக்கோல் எடையில் மாட்டாது, அளவில்தான் மாட்டும். பிக்கப்பின் பெட்டிக்குள் மட்டும் வைக்கோலை அடுக்கினால் டீசல் காசுகூடத் தேறாது. அதனால் இரண்டு பக்கமும் மூங்கில் சொருகி, பெட்டியை விட முழங்கை அளவுக்கு வெளியே தள்ளி, ஓட்டுநர் தலைக்கு மேலேயும் ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, ஒரு ஆள் மேலே நின்று மிதித்து இறுக்குவார். முன்னால் இருந்து பார்த்தால் கண்ணாடியும் ஹெட்லைட்டும் மட்டும் தெரியும். இப்போது இயந்திரத்தில் சுருட்டிய உருளைக் கட்டுகள் வந்துவிட்டன. அவை அடுக்கச் சுலபம், உருண்டு விழவும் சுலபம். இந்த வண்டிகள் போன தடத்தை வளைவுகளில் கண்ணால் பார்க்கலாம். மலைப்பக்கத்துப் பாறை நீட்டலிலும் தாழ்ந்த கிளைகளிலும் ஆள் எட்டாத உயரத்தில் வைக்கோல் துரும்பு தொங்கிக்கொண்டிருக்கும்.

சரக்கு வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. உயரம் வெகுகாலம் 3.8 மீட்டராக இருந்து 2020-இல் 4 மீட்டர் ஆனது. பிக்கப் இந்த இரண்டு எல்லையையும் தொடுவதில்லை. ஆனால் பாரம் வண்டியின் உடம்பை விட்டுப் பக்கவாட்டில் வெளியே நீட்டக் கூடாது என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது இந்தக் குற்றத்துக்கு 20,000 ரூபாய் அபராதம் வைத்தார்கள், இறக்குகூலி தனி. அபராதங்களைப் பல மாநிலங்கள் தங்கள் வசதிக்குக் குறைத்துக்கொண்டன. இருந்தாலும் ஒரு நடை வைக்கோலில் கிடைப்பதற்கும் இந்தத் தொகைக்கும் பொருத்தமே இல்லை. பொருத்தமில்லாத அபராதத்தை எந்த அதிகாரியும் தினம் எழுத மாட்டார். எழுதாமல் விடுவதற்கு என்ன விலை என்பதில் போய் அது முடியும்.

மேல்நாட்டில் இதை வேறு மாதிரி கையாள்கிறார்கள். அறுவடை இயந்திரம் அகலமாகத்தான் இருக்கும், அதைச் சாலையில் கொண்டுபோகத்தான் வேண்டும் என்று பிரிட்டனில் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அகலம் 3 மீட்டரைத் தாண்டினால் போலீசுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். 3.5 மீட்டரைத் தாண்டினால் கூடவே துணை ஆள் வர வேண்டும். 4.3 மீட்டருக்கு மேல் இந்தச் சலுகை கிடையாது. அளவு கூடக் கூட நிபந்தனையும் கூடுகிறது. நம் சட்டத்தில் ஒரு சாண் நீட்டினாலும் ஒரு கஜம் நீட்டினாலும் அதே 20,000.

மலையில் வைக்கோலுக்கு இன்னொரு குணம் உண்டு. கம்பத்தில் காய்ந்த வைக்கோலாக ஏறுவது மேலே பனியையும் சாரலையும் குடித்துக் கனத்துவிடும். கனம் சேர்வது உச்சியில். வண்டியின் எடை மையம் மேலே மேலே ஏறும். தார்ப்பாய் போடாத வண்டி கீழே வளைவில் சாயாமல் வந்தது என்பதற்காக மேலேயும் சாயாது என்று சொல்ல முடியாது. இதற்கு விதி புத்தகத்தில் எண் கிடையாது.

எரு லாரியும் எம்-சாண்ட் டிப்பரும் வேறு கதை. அவற்றின் பாரம் வெளியே நீட்டாது, அடக்கமாக இருக்கும், அச்சு முறியும். ஓர் அச்சு எவ்வளவு தாங்கலாம் என்பதை மத்திய அரசு 2018-இல் உயர்த்தியது. நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது, இரட்டை அச்சுக்கு 19 டன் 21 ஆனது. கேட்டால் எட்டில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. சாலைக்கு அந்தக் கணக்குச் செல்லாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1950-களின் கடைசியில் சோதனைச் சாலை போட்டு, அதில் லாரிகளை ஓயாமல் ஓடவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். அச்சின் எடை கூடும்போது சாலையின் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது. அதை இங்கே போட்டுப் பார்த்தால் 10.2 என்பது 11.5 ஆனதும் சேதம் 60 சதவீதத்துக்கு மேல் ஏறும். சட்டம் அனுமதித்த பாரத்திலேயே இந்த நிலைமை என்றால், அதற்கும் மேலே இரண்டு டன் ஏற்றி முதல் கியரில் முனகிக்கொண்டு போகிற லாரி வளைவில் தாரைச் சுருட்டி எடுத்துவிடுவதில் ஆச்சரியமில்லை. அதே கணக்கில், ஒன்றரை டன் அச்சுள்ள ஜீப் அந்த 10.2 டன் அச்சு ஒருமுறை செய்கிற சேதத்தைச் செய்ய 2,000 தடவைக்கு மேல் போய்வர வேண்டும். ஜீப்பால் சாலைக்கு ஒரு கெடுதலும் இல்லை.

லாரியை நிறுத்தி எடை போடுவதும் மலையில் லேசில்லை. சட்டத்தின் 114-ஆம் பிரிவு, அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் வண்டியை எடைமேடைக்கு அனுப்பலாம் என்கிறது. ஆனால் அந்த எடைமேடை போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள், அல்லது போய்ச்சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஏறி வந்த வண்டியைத் திருப்பிக் கம்பத்துக்கு அனுப்ப இந்தப் பிரிவில் எப்போதும் வழியிருக்காது. வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் பில்லைப் பார்த்தாவது எடையை ஊகிக்கலாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அதுவும் போயிற்று. எடை கூடுதல் என்று நிரூபித்துவிட்டாலும் கூடுதலை இறக்கிய பிறகுதான் வண்டி நகர வேண்டும். பணம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போகலாம் என்று சில மாநிலங்கள் வைத்திருந்த ஏற்பாட்டை 2005-இல் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, இறக்கியே தீர வேண்டும் என்றது. சரியான தீர்ப்பு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளமாக இருக்கிற இடத்தில் இரண்டு டன் சாண எருவை எங்கே இறக்குவது என்பது தீர்ப்புக்கு வெளியே இருக்கும் கேள்வி.

கடைசியில் ஆள் பாரம். விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தோட்ட ஜீப்புகள் கிளம்பிவிடும். வேலைக்குப் போகிறவர்களில் பெண்களே அதிகம். தூக்குவாளி, காய் எடுக்கிற கூடை, மழைக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ள பிளாஸ்டிக் தாள். ஆர்.சி. புத்தகத்தில் சீட்டு பத்துக்குள் இருக்கும். பின்னால் எதிரெதிர் பலகையில் நாலு பேர் உட்காரும் இடத்தில் ஆறு பேர், நடுவில் காலை மடக்கிக்கொண்டு இரண்டு பேர், ஓட்டுநரின் இடக்கைப் பக்கம் கியருக்கு இடம் விட்டு மூன்று பேர். "கொஞ்சம் நெருங்கி உக்காருங்கக்கா, இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க" என்று ஓட்டுநர் சொல்லாத நாள் கிடையாது. காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் பின்கதவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் ஜீப்காரர்தான் ஆளும் சேர்த்துக் கொடுப்பவர். தலை கூடினால் அவருக்கும் லாபம், தோட்டத்துக்கும் ஒரு நடை மிச்சம்.

பத்துப் பேர் கூடுதல் என்றால் 600 கிலோ. இந்த எடை சாலையை ஒன்றும் செய்யாது, பிரேக்கைச் செய்யும். சாயங்காலம் வேலை முடிந்து ஈரச் சாலையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற கெட்ட வழக்கமும் சேர்ந்தால் பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போகும். இந்தப் பக்கத்து மூன்று மலைப்பாதைகளிலும் தோட்ட ஜீப் கவிழ்ந்த செய்தி பழகிப்போன செய்தி.

இப்போது அபராதத்தைப் பாருங்கள். சரக்கு வண்டியில் ஒரு டன் எரு கூடுதலாக இருந்தால் 194-ஆம் பிரிவின்படி 20,000, டன்னுக்கு 2,000 வீதம் கூட்டி 22,000 ரூபாய். அடுத்து வரும் 194-ஏ பிரிவில் கூடுதல் பயணி ஒருவருக்கு 200 ரூபாய். பத்துப் பெண்கள் கூடுதலாக இருந்தால் 2,000. அதுவும் வாடகை வண்டியாகப் பதிவு செய்திருந்தால்தான், ஏனென்றால் இந்தப் பிரிவு போக்குவரத்து வாகனத்துக்கு மட்டுமே எழுதப்பட்டது. சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த ஜீப்பை இதில் சேர்க்க முடியாது. அதை பெர்மிட் இல்லாத குற்றத்தில் பிடிக்க வேண்டும், அதற்கு வாடகைக்கு ஓட்டினார் என்று காட்ட வேண்டும். ஜீப்பில் இருப்பவர்கள் "எங்க தோட்டத்து வண்டிதான் சார்" என்று சொல்லிவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்துபோகும். வேலைக்குப் போக வேண்டியவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

சாலையைக் காப்பாற்ற எழுதிய பிரிவையும் ஆளைக் காப்பாற்ற எழுதிய பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது விலை உயர்ந்தது என்று சட்டம் நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். இது திட்டமிட்ட அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. பயணி என்றதும் சட்டம் எழுதியவர் கண்முன் டவுன் பஸ்தான் வந்திருக்கும். முப்பது பேர் கூடுதலாக நின்றுகொண்டு போகிற பஸ்ஸுக்கு 200 ரூபாய் பொருத்தமான கணக்கு. கொண்டை ஊசி வளைவில் இறங்குகிற ஜீப் அவர் நினைவில் இல்லை.

194-ஏ பிரிவில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அபராதத்தை விட அவை கனமானவை. ஒன்று, கூடுதல் பயணிகளை இறக்கி அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்த பிறகே வண்டி நகர வேண்டும். காலை ஆறரை மணிக்குக் கம்பம்மெட்டுச் சாவடியில் மாற்று வண்டி என்று வந்தால் அதுவும் நிறைந்த ஜீப்பாகத்தான் இருக்கும். அந்த நேரத்துக்குத் தமிழ்நாடோ கேரளமோ தோட்டங்களைப் பார்த்து பஸ் விடாதவரை இந்த நிபந்தனை காகிதத்தில் கிடக்கும். இன்னொன்று, குற்றவாளி யார் என்பது. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் இந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள். நாளைக்கு இத்தனை ஆள் வேண்டும், ஒரே ஜீப்பில் அனுப்பு என்று போனில் சொல்கிற தோட்டக்காரரை இதற்குள் கொண்டுவரத் தடை எதுவும் தெரியவில்லை. அபராதச் சீட்டு ஓட்டுநர் பெயருக்கே போகிறது.

(தொடரும்)