மையும் நிப்பும் ஏடும்

செங்கம் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் மலைபடுகடாம் தோன்றும். அந்நூலின் பாட்டுடைத் தலைவனாகிய நன்னனின் செங்கண்மா இவ்வூரே. ஆயினும் எழுத்தின்மீது காதல் கொண்டோர் செங்கத்தைப் போற்ற வேறொரு காரணமும் உண்டு. ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர்களில் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்களை ஆராய்ந்து, தமிழகத் தொல்லியல் துறை 1972ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை வெளியிட்டது. அக்கற்களில் பல பல்லவர் காலத்தவை. அவற்றில் வெட்டப்பட்டிருப்பவை வட்டெழுத்துகள். எடுத்தனூர்க் கல்லில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் ஆநிரைப் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கோவிவன் என்ற அவனுடைய நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்து நின்ற ஒரு நாயின் பெயரை ஏறத்தாழ 1400 ஆண்டுகள் கழித்து நாம் அறிகிறோமென்றால், அன்று எவரோ ஒருவர் உளி பிடித்து எழுதினார் என்பதே காரணம்.

உளிக்குப் பின் எழுத்தாணி. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பழுதுபடும் என்று எழுதியோர் புள்ளியை விட்டுவிட, குறில் எது, நெடில் எது என்று படிப்போர் திண்டாடினர். எகர ஏகாரத்திற்கும் ஒகர ஓகாரத்திற்கும் வேற்றுமை காட்டும் வரிவடிவத்தை 18ஆம் நூற்றாண்டில் வகுத்துத் தந்தவர் நம் வீரமாமுனிவர் என்பது வாசகர்கள் அறிந்ததே. எழுதுகருவி மாறினால் எழுத்தின் உருவமும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நிற்க. நாம் சொல்ல வந்தது பேனாவைப் பற்றி.

இன்றும் சிலர் இருக்கின்றனர். சட்டைப் பையில் மை ஊற்றும் பேனா, மேசையில் இரண்டு மூன்று மைக்கூடுகள், எழுதாத நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கண்டால் அதைத் தடவிப் பார்க்கும் விரல்கள்! வீட்டார் இதைப் பித்து என்பர். பித்துதான், ஆயினும் நகைப் பித்தையும் சீட்டாட்டப் பித்தையும்விட எவ்வளவோ மேலானது, செலவும் குறைவு. பேனாவைத் திறந்து நீரில் அலசுவதும், ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக மை ஊற்றுவதும், நிப்பைப் பழந்துணியில் ஒற்றி முதல் எழுத்தை எழுதிப் பார்ப்பதும் தரும் இன்பம், எழுதித் தீர்ந்ததும் தூக்கியெறியும் பேனாவில் இல்லை.

பேனாவின் சூட்சுமம் முழுவதும் நிப்புக்கு அடியிலுள்ள 'நாக்கில்' இருக்கிறது. மை கீழே இறங்க வேண்டுமானால், அந்த இடத்தை நிரப்பக் காற்று மேலே ஏற வேண்டும். இரண்டிற்கும் வழி செய்யும் நுண்ணிய பள்ளங்களை நாக்கில் வெட்டி, 1884இல் காப்புரிமை பெற்றார் அமெரிக்கரான வாட்டர்மேன். நுண்புழை வழியே ஊறிவரும் மை, நிப்பின் பிளவில் வந்து நிற்கும். தாள் தொட்டால் இறங்கும், தொடாவிட்டால் நிற்கும். ஆகவே அழுத்தி எழுத வேண்டியதே இல்லை. பால்பாயிண்ட் பேனாவோ உருண்டையை உருட்டித்தான் மையைத் தாளில் பூச வேண்டும். அதற்கு அழுத்தம் வேண்டும். நெடுநேரம் எழுதும் மாணவனின் விரல் நோவதற்கு இவ்வழுத்தமும் ஒரு காரணம்.

இப்பேனாவை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற வேட்கை சுதேசி இயக்கத்தோடு பிறந்தது. இராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் பேனா செய்து, அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைச் சேர்ந்த ஜே. சி. குமரப்பா மூலம் காந்தியடிகளுக்கு அனுப்பினார். அடிகள் அதில் எழுதிப் பார்த்து, கடைவீதியில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு இது ஈடாகும் எனப் பாராட்டி 1935 ஜூலையில் கடிதம் எழுதினார். குமரப்பா தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த தமிழர் என்பதை இங்கே நினைவூட்டுவதில் நமக்கு ஒரு பெருமை. வங்காளத்தில் 1934இல் 'சுலேகா' மை தோன்றியதும் அதே வேட்கையால்தான். அந்நிறுவனம் இடையே மூடப்பட்டுப் பின்னர் உயிர்பெற்று, 2020இல் மீண்டும் எழுதும் மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் மாநிலத்தில் சென்னைப் பாரிமுனையின் ஜெம் அண்டு கம்பெனியும், திருவள்ளூரின் 'ரங்கா' பேனாவும் புகழ் பெற்றவை. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக வைத்த ரப்பர். அதன் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து இப்பேனாக்களை உருவாக்குவர். கையில் பிடித்தால் வழுக்காது, குளிராது. இன்று வெளிநாட்டார் தேடி வாங்குவதும் இத்தகைய கைவேலைப் பேனாக்களையே.

எனினும் இவ்வரலாற்றில் நம் மனத்தை உறுத்துவது சாத்தூர். அவ்வூர்ச் சேவையும் வெள்ளரிக்காயையும் அறிந்தோர் பலர். நிப்பை அறிந்தோர் இன்று சிலரே. சிறு சிறு பட்டறைகளில் உலோகத் தகட்டை வெட்டி, துளையிட்டு, வளைத்து, நுனியைப் பிளந்து, மெருகிட்டு, பள்ளிப் பிள்ளைகளின் பேனாக்களுக்கு நிப்பு அனுப்பிய ஊர் அது. ஹங்கேரிப் பத்திரிகையாளர் பிரோ 1938இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற பால்பாயிண்ட் பேனா, சில பத்தாண்டுகளில் நம் ஊர்ப் பெட்டிக்கடைக்கும் வந்து சேர்ந்தது. வந்ததும் நிப்பைக் கேட்பாரில்லை. கண் பார்த்துக் கை செய்த ஒரு தொழில் நலிந்தது. மையொழுகிச் சட்டை கறைபடும் தொல்லை நீங்கியதென்று தாய்மார் மகிழ்ந்தது உண்மை. அவர்களைக் குறை கூற முடியாது. ஆனால் அந்த மகிழ்ச்சிக்குச் சாத்தூர் கொடுத்த விலையை எவரும் கணக்கிட்டதில்லை.

நோட்டுப் புத்தகத்திற்கும் ஒரு சொல். தாளில் போதிய பசைப் பதம் இல்லாவிடின் மை நூல் நூலாகப் பரவும், மறுபக்கமும் ஊறும். மைப்பேனாவுக்கு ஏற்ற நோட்டா என்று அறிய, கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு சுழி போட்டுப் பார்த்தால் போதும். விலை உயர்ந்ததெல்லாம் நல்ல தாள் என்று எண்ண வேண்டாம். கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யப்படும் தாளில் மை அழகாகவே நிற்பதைக் காணலாம். வரைபட வேலைக்குரிய இந்தியன் இங்க்கை மட்டும் பேனாவில் ஊற்றவே கூடாது. அதிலுள்ள அரக்கு உள்ளே உறைந்து நாக்கை அடைத்துவிடும்.

இனி மை. இதில்தான் நம் குடும்பங்கள் கருத்தூன்ற வேண்டும். பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால், பாட்டனாரின் பெயர் பழுப்பேறிய தாளிலும் கறுத்துத் தெளிவாக நிற்பதைக் காணலாம். அத்தகைய பழம்பதிவுகள் பல, துவர்ப்பும் இரும்பும் கூடிய மையால் எழுதப்பட்டவை. ஜவ்வாது மலைக்காடுகளில் பொறுக்கிக் கொண்டுவரும் கடுக்காயின் துவர்ப்பும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் நீரில் கூடினால் அம்மை பிறக்கும். எழுதும்போது அது வெளிறித் தோன்றும். காற்றுப் பட்டதும் கறுத்து, நீரில் கரையாததாகித் தாளின் நாரோடு ஒன்றிவிடும். எழுதும்போதே கண்ணுக்குத் தெரிவதற்காக நீலச் சாயம் கலந்தனர். நீலக்கறுப்பு என்ற பெயர் அதனால் வந்தது. அளவு மிஞ்சினால் அதன் புளிப்பு நாளடைவில் தாளையே அரிக்கும் என்பதையும் மறைக்கலாகாது.

இன்று கடையில் நீலக்கறுப்பு என்று விற்கும் மைகளில் பல வெறும் சாயமே. பள்ளிக்கு உதவும் கழுவினால் போகும் நீல மையோ, ஈரத்திலும் வெயிலிலும் விரைவில் மங்கும். வீட்டு வேதாகமத்தின் முதல் ஏட்டில் பிள்ளைகளின் பிறந்த நாளையும், மறைந்தோர் பெயரையும் எழுதி வைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள், எழுதுமுன் சிறு சோதனை ஒன்று செய்யலாம். துண்டுத் தாளில் அந்த மையால் ஒரு வரி எழுதி, ஒரு வாரம் காயவிட்டு, பாதித் தாளை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். நனைந்த பாதியிலும் எழுத்து படிக்கத்தக்கதாய் நின்றால், அந்த மையை நம்பி ஏட்டைத் திறக்கலாம்.