பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது?

காணியைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, தற்காலிகக் கொட்டில் போட்டதும் மீளக்குடியேறும் குடும்பங்கள் அடுத்துக் கேட்பது பாடசாலையைப் பற்றித்தான். ஊர்ப் பாடசாலை திறந்துவிட்டது. பிள்ளையை அங்கே மாற்றுவதா, இப்போது படிக்கும் இடத்திலேயே விடுவதா? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்கு இல்லை. முடிவு உங்களுடையது. அதற்கு உதவும் விடயங்களை இங்கே தருகிறோம்.

பிரச்சினை எங்கே தொடங்குகிறது?

1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 2016 இல்தான் தன் சொந்த வளவைத் திரும்பப் பெற்றது. காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்படுவதால் ஊரார் எல்லோரும் ஒரே நாளில் திரும்புவதில்லை. ஆகவே திறக்கப்படும் பாடசாலையில் முதலில் சில பிள்ளைகளே இருப்பார்கள். ஆசிரியர்கள் மாணவர் தொகையைப் பார்த்தே ஒதுக்கப்படுகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவு. ஆசிரியர் குறைந்தால் பெற்றோர் தயங்குகிறார்கள். இந்தச் சுற்றை யாராவது ஓரிடத்தில் உடைக்க வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு உள்ள தெரிவுகள்

1945 முதல் இலங்கையில் கல்வி இலவசம். ஆனால் பாடசாலைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. குடாநாட்டின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபையின் கீழ் உள்ளவை. யாழ். இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலை, ஹாட்லிக் கல்லூரி போன்றவை மத்திய அரசின் கீழ் வரும் தேசியப் பாடசாலைகள். மூன்றாவது வகை, அரச உதவி பெறும் தனியார் பாடசாலைகள். 1960 வரை மிசன்களும் சைவ அமைப்புகளும் அரச உதவியுடன் நடத்திய பாடசாலைகளை அந்த ஆண்டுச் சட்டத்தின்படி அரசு பொறுப்பேற்றது. சில பாடசாலைகள் தனித்து நின்றன. சென். ஜோன்ஸ், சுண்டுக்குளி மகளிர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி என்பன அவற்றுட் சில. அங்கே ஆசிரியர் சம்பளம் அரசினது, நிர்வாகம் திருச்சபையினது. இவற்றில் சேர்க்க விரும்பினால் வசதிக் கட்டணம் எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டறியுங்கள்.

அரச பணத்தில் தனியார் நிர்வாகம் என்பது வேறு நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் 1991 இல் மினசோட்டா மாநிலம் முதன்முதலாகச் சட்டமாக்கிய 'சாட்டர்' பாடசாலைகள் அத்தகையவை. வறிய வீட்டுப் பிள்ளை, முகவரி காரணமாகப் பலவீனமான ஒரு பாடசாலையுடன் கட்டுண்டு கிடக்கக் கூடாது என்பது ஆதரிப்போர் வாதம். போகக்கூடியவர்கள் போய்விட, மிஞ்சிய பாடசாலை இன்னும் மெலிகிறது என்பது எதிர்ப்போர் வாதம். 1981 முதல் பெற்றோர் தெரிவை முன்வைத்துப் பாடசாலைகளுக்குப் பணம் வழங்கிய சிலி நாட்டில் வசதியுள்ளவர்களும் வறியவர்களும் வெவ்வேறு பாடசாலைகளாகப் பிரிந்தார்கள். பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதையும் கட்டணம் அறவிடுவதையும் படிப்படியாக நிறுத்த அங்கே 2015 இல் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

எங்கள் ஊர்களில் இரு வாதங்களிலும் உண்மை உண்டு. பஸ் காசும் நேரமும் உள்ள குடும்பத்துக்கே பட்டினப் பாடசாலை உண்மையான தெரிவு. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அது பெயரளவில்தான் தெரிவு. அதற்காக, ஊர்ப் பாடசாலையைக் காப்பாற்றும் பொறுப்பை ஒரு பிள்ளையின் படிப்பின் மேல் சுமத்தவும் முடியாது.

முடிவெடுக்கும்போது

தரம் 1 முதல் 5 வரை: நடந்து போகக்கூடிய பாடசாலையே பொதுவாக நல்லது. சிறு பிள்ளையின் களைப்பும் பயணச் செலவும் குறையும். பாதையை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். மிதிவெடி அபாயக் குறியீடு உள்ள காணிகளுக்குள்ளால் குறுக்குவழியில் போகப் பிள்ளையை விடாதீர்கள்.

தரம் 6 முதல் 9 வரை: அதிபரைச் சந்தித்துக் கதையுங்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா? குடிநீர், மலசலகூடம் உண்டா? மாலை வகுப்பு முடிந்து வர பஸ் உண்டா?

தரம் 10, 11: சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளையை இடையில் மாற்றாமல் விடுவது நல்லது. தெரிவுப் பாடங்கள் புதிய பாடசாலையில் இல்லாமற் போகலாம். இ.போ.ச. பஸ்ஸில் மாணவர்களுக்குச் சலுகைப் பருவகாலச் சீட்டு உண்டு.

தரம் 1 அனுமதியில் விண்ணப்பங்கள் கூடிய பாடசாலைகளில் அயலில் வசிப்போருக்கு 50 வீதமும், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதமும், அங்கே படிப்போரின் சகோதரர்களுக்கு 15 வீதமும் ஒதுக்கப்படுவது வழமை. அயலில் வசிப்பதை நிரூபிக்க வாக்காளர் இடாப்புப் பதிவு முக்கியம். ஆகவே திரும்பியவுடன் கிராம அலுவலரிடம் உங்கள் பதிவைச் சரிபாருங்கள். சுற்றறிக்கை ஆண்டுதோறும் வெளியாகும்; அந்தந்த ஆண்டுக்குரியதைப் பாருங்கள். அரச பாடசாலையில் அனுமதிக்காக நன்கொடை கேட்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

பாடசாலை மாறும்போது முன்னைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டு செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம்.

தனியே போகாதீர்கள்

ஒரு குடும்பம் ஆசிரியர் இல்லை என்று முறையிட்டால் அது ஒரு முறைப்பாடு மட்டுமே. ஒரே ஒழுங்கையில் உள்ள பத்துக் குடும்பங்கள் பிள்ளைகளின் பெயர், வயது, தரம் எழுதிய பட்டியலுடன் அதிபரையும் வலயக் கல்விப் பணிப்பாளரையும் சந்தித்தால், அந்த எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் கேட்கலாம். கடிதத்தின் பிரதியொன்றைத் திகதி முத்திரையுடன் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் திரும்பாத அயலவர்களிடமும் எப்போது வருவார்கள் என்று கேட்டு, அவர்களின் பிள்ளைகளையும் பட்டியலில் தனியாகக் குறியுங்கள். அடுத்த ஆண்டுக்கு எத்தனை ஆசிரியர் தேவை என்பதை அலுவலகம் முன்கூட்டியே அறிய அது உதவும்.