குழலுக்குள் பார்த்த கண்

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிர்மிங்காமிலும் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டிலும் துப்பாக்கிக் குழலைச் சோதித்தவர்களுக்கு வெளிச்சம் தந்தது ஜன்னல். ஜன்னலின் குறுக்கே ஒரு கட்டை இருக்கும். உட்சுவரில் புரி எனப்படும் சுருள் பள்ளங்களை வெட்டுவதற்கு முன்பே, மெருகேறிய குழலை அதை நோக்கிப் பிடித்தால் கட்டையின் நிழல் உட்சுவரில் நீளமாக விழும். நிழலின் ஓரம் பிசிறில்லாமல் ஓடினால் குழல் நேர். எங்காவது ஒடிந்தால் அங்கே கோணல். குழலைத் திருப்பிச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி கண்ணருகே. அதற்கும் முந்தைய தலைமுறை குழலுக்குள் மெல்லிய கம்பியை விறைப்பாகக் கட்டி உரசும் இடத்தைத் தேடியது. நிழலைப் படிக்கக் கண் பழகிய பிறகு கம்பி வேண்டியிருக்கவில்லை.

1816இல் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலை 1988இல் மூடப்பட்டது. அங்கிருந்து போன ரைஃபிள்கள் இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. அவர்களில் பலர் கையில் இருப்பது போர்ஸ்கோப்: பென்சிலைவிட மெல்லிய தண்டு, முனையில் கேமராவும் விளக்கும், மறுமுனையில் கைப்பேசித் திரை. எண்டோஸ்கோப்பியில் வயிற்றைப் பார்ப்பதுபோல் குழலுக்குள் அங்குலம் அங்குலமாகப் போகலாம்.

இதனால் அதிகம் பயன் பெற்றவை வாய்வழியே மருந்து கிட்டிக்கும் பழைய ரைஃபிள்கள்தான். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டின் குழல் 39 அங்குல நீளம், .577 அங்குல விட்டம், உள்ளே மூன்று புரிப்பள்ளங்கள். 1857இல் வட இந்தியச் சிப்பாய்கள் மறுத்த கொழுப்புத் தோட்டா இதற்காகச் செய்யப்பட்டதே. இந்த ரைஃபிளின் குழல் அடிப்பக்கம் மூடியிருப்பதால் பின்னாலிருந்து வெளிச்சம் வராது. அன்று வாய்க்குள் எட்டிய வெளிச்சத்தில் தெரிந்ததைக் கொண்டும், துணி சுற்றிய கோல் எங்கே சிக்குகிறது என்ற கை உணர்வைக் கொண்டும் மீதியைத் தீர்மானித்தார்கள். இன்று அடிமூலையில் உள்ள துருக்குழிகூடத் திரையில் தெரிகிறது. ஆனால் முதல் வேலை மாறவில்லை. குழலுக்குள் கோலை விட்டு, அது நிற்கும்போது வாயோரம் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். கோல் அடி வரை எட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால், யாரோ என்றோ கிட்டித்த மருந்தும் குண்டும் இன்னும் உள்ளே இருக்கலாம். கேமராவை அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும்.

நம் ஊரில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று போலீஸ்காரர் தோளில் கண்ட ரைஃபிளின் மூதாதை 1888இல் வந்த லீ-மெட்ஃபோர்டு. அதன் ஏழு ஆழமற்ற பள்ளங்கள் கரிமருந்துக்குப் பொருத்தமானவை. புகைக்கரி எளிதில் அடையாது. பிறகு கார்டைட் என்ற புகையற்ற வெடிமருந்து வந்தது. முதல் வகையில் நைட்ரோகிளிசரின் மட்டும் 58 சதவீதம். அதன் வெப்பத்தில் அந்த மென்மையான புரிகள் வேகமாகக் கரைந்தன. 1895இல் ஐந்து ஆழமான பள்ளங்களுடன் லீ-என்ஃபீல்டு வந்தது.

அந்தத் தேய்மானத்தைப் படைக்கலப் பணியாளர் அளவுக் கம்பிகளால் அளந்தார். .303 அங்குலக் கம்பி குழல் முழுக்க இறங்க வேண்டும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு தடித்த அடுத்த கம்பி இறங்கக் கூடாது. இறங்கினால் குழல் கழிவு. இன்று சேகரிப்பாளர் எண்ணெய் தடவிய ஈயக்குண்டை உள்ளே தட்டிச் செலுத்தி, மறுபக்கம் விழுந்ததும் மைக்ரோமீட்டரில் வைக்கிறார். ஐந்தும் ஏழும் ஒற்றைப்படை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் எதிரே மேடு. சாதாரண மைக்ரோமீட்டர் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு அளந்து சிறிய எண்ணைக் காட்டும். மூன்று இடத்தில் தொடும் வகை வேண்டும். பழைய அளவுக் கம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது மேடுகளை மட்டுமே கேட்டது.

கேமரா சொல்வது வேறு. அக்காலத் தோட்டாவின் வெடிமூடியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் தங்கியது ஈரம் இழுக்கும் உப்பு. அதனால்தான் சிப்பாய்கள் பின்பக்கம் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினார்கள். ஊற்றாத நாட்களின் கணக்கு, குழல் நெடுகக் கறுத்த புள்ளிகளாக இன்றும் இருக்கிறது. குழல்வாயில் ஒரே பக்கம் மழுங்கியிருந்தால், துடைக்கும் கயிற்றை ஒரு சிப்பாய் பல ஆண்டுகள் கோணலாக இழுத்திருக்கிறான்.

இத்தனை தெரிந்தும் ஒன்று கைவிட்டுப்போனது. திரையில் ஒரு நேரத்தில் ஒரு துண்டு உலோகமே தெரியும். இருபது மடங்கு பெருக்கிய குழி பள்ளத்தாக்காகத் தோன்றும். நன்றாகச் சுடும் குழலைக்கூட உள்ளே பார்த்ததும் விற்றுவிட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஜன்னலடியில் நின்றவர் முழு நீளத்தையும் ஒரே பார்வையில் எடைபோட்டார். எந்தக் குறை பொருட்டல்ல என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தேர்ச்சியைத்தான் நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன், ஏனெனில் கேமரா அதைக் கற்றுத்தராது.

அன்று கம்பி வலையைக் கயிற்றில் சுற்றிக் குழலைப் பளபளவென்று தேய்த்தார்கள். அது அடுத்த நாள் சுட வேண்டிய குழல். இன்று கவனமுள்ளவர்கள் எண்ணெய்த் துணியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கழிவென்று ஒதுக்கப்படாமல் தப்பிய ஏழு பள்ள மெட்ஃபோர்டு குழல் இப்போது அரிது. எஞ்சியிருக்கும் அந்தத் தேய்ந்த மேடுகளை இன்னும் தேய்க்க யாருக்கும் மனம் வருவதில்லை.