ஆகாசத்துக்குப் போன இரண்டு வருஷப் படிப்பு

தாயில்பட்டியில் ராக்கெட் என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். திரியில் நெருப்பு வைத்தால் விர்ரென்று கிளம்பும் வாணம்! பக்கத்துச் சிவகாசியில் 1968 முதல் பெண்கள் கல்லூரி இருக்கிறது. என்றாலும் மூன்று வருஷம் என்றதும் தயங்கும் வீடுகள் உண்டு. "சரி, இரண்டு வருஷப் படிப்பாவது?" என்று கேட்டதற்கு ஒரு தாயார் சொன்ன பதில்: "ரெண்டு வருசம் படிச்சுட்டு எம் மக என்ன, ஆகாசத்துக்கா போகப் போறா?"

போயிருக்கிறார்கள், அம்மா!

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று உண்டு. கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே போய் வரலாம், இரண்டே வருஷம். (நம் சென்னையிலும் 1990-களின் நடுவில் அத்தகைய கல்லூரி தோன்றியது.) அங்கே கெட்டிக்கார மாணவர்களுக்கென்றே 1918-இல் மிசௌரி மாகாணத்தில் பிறந்த கௌரவச் சங்கத்துக்கு 'பை தீட்டா காப்பா' என்று பெயர். வாயில் நுழையாத கிரேக்க எழுத்துக்கள்! 1970-இல் அப்பல்லோ 13-இல் சந்திரனை நோக்கிப் போய், வழியில் பிராணவாயுத் தொட்டி வெடித்தும் உயிரோடு திரும்பிய மூவரில் ஒருவரான ஃபிரெட் ஹெய்ஸ் இந்தச் சங்கத்து உறுப்பினர். பத்திரிகைக்காரராகும் எண்ணத்தோடுதான் மிஸிஸிப்பியில் ஜூனியர் காலேஜில் சேர்ந்தாராம். நல்ல வேளை, எங்களுக்குப் போட்டி குறைந்தது!

நம் வாசகிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர், சமுதாயக் கல்லூரியில் படித்த ஐலீன் காலின்ஸ். நியூயார்க் மாகாணத்து எல்மைரா என்ற சிற்றூர். அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிய குடியிருப்பில் வாசம். பதினாறு வயதிலிருந்து கிடைத்த வேலையெல்லாம் செய்து ஆயிரம் டாலர் சேர்த்தார். நகைக்கல்ல, விமானம் ஓட்டக் கற்க! 1976-இல் பக்கத்து ஊரான கார்னிங் சமுதாயக் கல்லூரியில் கணிதம் முடித்தார். பிறகு பெரிய பல்கலைக்கழகம், விமானப்படை.

1999 ஜூலை 23. கொலம்பியா விண்கலத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடம். அதற்குமுன் எந்தப் பெண்ணும் அமெரிக்க விண்கலத்துக்குத் தலைமை ஏற்றதில்லை. கிளம்பிய ஐந்தாவது விநாடி மின்கசிவு! இரண்டு எஞ்சின்களில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் நின்றுபோக, ஜோடிக் கம்ப்யூட்டர்கள் கைகொடுத்தன. அந்த இரண்டில் ஓர் எஞ்சினில் ஹைட்ரஜன் கசிவு வேறு. ஒரு பொறிக்கு என்ன விலை என்பதைத் தாயில்பட்டிக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காலின்ஸ் கலங்கவில்லை, விண்கலம் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்தது.

அதன் வயிற்றில் இருந்த தூரதர்சினிக்குப் பெயர் என்ன தெரியுமா? 'சந்திரா'. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-இல் நோபல் பரிசு பெற்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான். 1995-இல் அவர் காலமாகிவிட்டார். அதே கல்லூரியில் பௌதிகம் படித்த அவர் மனைவி லலிதா, எண்பத்தெட்டு வயதைத் தாண்டிய நிலையில், ஏவுதலையொட்டி ஃப்ளோரிடா வந்து, கணவர் பெயர் தாங்கிய தூரதர்சினியின் மாதிரி உருவத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.