டாட் ஸ்போர்ட், டாட் கிரிக்கெட்: 99 ரூபாய்க்கு பேர் வாங்கிப் போடலாமா?



"புது எக்ஸ்டென்ஷன் வந்தாச்சு. முதல் வருஷம் வெறும் 99 ரூபாய். நல்ல பேரெல்லாம் போறதுக்குள்ள வாங்கிப் போடுங்க, நாளைக்கு லட்சத்துக்கு விக்கலாம்." சம்பளம் ஏறுற நாளாப் பார்த்து இப்படி ஒரு விளம்பரம் உங்க போனுக்கும் வந்திருக்கும். விளையாட்டுப் பேர்ல வர்ற இந்த வெப்சைட் முகவரிகளை வாங்கலாமா, வாங்கினா யாருக்கு லாபம்னு இன்னைக்கு கணக்கோட பார்த்துடுவோம்.

முதல்ல எங்க வீட்டுக் கதை. என் சித்தப்பா பையன் பாளையங்கோட்டையில சின்னதா ஒரு கிரிக்கெட் கோச்சிங் நடத்துறான். பகல்ல ஒரு கம்பெனியில சம்பள வேலை, காலையிலயும் சாயங்காலமும் நெட்ஸ். வெப்சைட் இருந்தா நல்லா இருக்கும்னு தெரிஞ்ச டிசைனர் ஒருத்தர்கிட்ட காசு கொடுத்தான். அவரும் விளையாட்டு எக்ஸ்டென்ஷன்ல ஒரு பேர் வாங்கி, சைட்டைப் போட்டுக் கொடுத்துட்டார். முதல் வருஷம் பிரச்சினையே இல்லை.

ரெண்டாவது வருஷம் புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் அந்த டிசைனருக்குப் போயிருக்கு, ஏன்னா பேரே அவர் கணக்குலதான் பதிவாகியிருந்துச்சு. அவர் வேற வேலைக்குப் போயிட்டார், பழைய மெயிலைப் பார்க்கிறதில்லை. பேர் காலாவதியாகி, வேற யாரோ எடுத்துட்டாங்க. ஏப்ரல் மாசம் கோடை கேம்ப் நோட்டீஸ்ல போட்டிருந்த முகவரியை பெற்றோர்கள் அடிச்சுப் பார்த்தா, சூதாட்ட விளம்பரம் வருது! 40 பசங்க வருவாங்கன்னு எதிர்பார்த்த கேம்ப்புக்கு 15 பேர்தான் வந்தாங்க. "அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்?"னு கேட்டான். பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன்னா, நானும் சும்மா இருக்கல. அதைக் கடைசியில சொல்றேன்.

பேரை நீங்க வாங்கல, வாடகைக்கு எடுக்கிறீங்க

வெப்சைட் முகவரியில கடைசிப் புள்ளிக்கு அப்புறம் வர்றதுதான் எக்ஸ்டென்ஷன். டாட் காம், டாட் இன், டாட் கிரிக்கெட், டாட் ஸ்போர்ட் எல்லாம் அதுதான். இந்தப் பட்டியலை மேல இருந்து பார்த்துக்கிடுறது ஐகேன்ங்கிற உலக அமைப்பு. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ரெஜிஸ்ட்ரின்னு ஒருத்தர் பொறுப்பு. டாட் இன்னுக்கு நிக்ஸிங்கிற நம்ம நாட்டு அமைப்பு. நமக்கு சில்லறையில விக்கிறவங்க ரெஜிஸ்ட்ரார்.

தாமிரபரணிப் பாசனத்துல வயலைக் குத்தகைக்கு எடுக்கிறது மாதிரிதான் இது. பத்திரம் உங்க பேர்ல வராது. ஒரே தடவையில அதிகபட்சம் 10 வருஷத்துக்கு எடுக்கலாம். குத்தகை கட்டுற வரைக்கும் உங்களோடது, நிறுத்தினா நிலம் திரும்பப் போயிடும். குத்தகைத் தொகையை முடிவு பண்றதும் நீங்க இல்லை.

டாட் ஸ்போர்ட் பிறந்த கதை

புது எக்ஸ்டென்ஷன்களுக்கு ஐகேன் 2012ல கதவைத் திறந்துச்சு. 1,930 விண்ணப்பம் வந்துச்சு. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர். ஜெயிச்சு வந்தாலும் வருஷத்துக்கு 25,000 டாலர் நிலையான கட்டணம் தனியா இருந்துச்சு. அடுத்த சுற்றுக்கு 2,27,000 டாலர்னு நிர்ணயம் பண்ணியிருக்காங்க. டாலருக்கு 90 ரூபாய்னு வச்சா, விண்ணப்பத்துக்கு மட்டுமே 2 கோடிக்கு மேல.

இவ்வளவு காசைப் போட்டவங்க அதை எங்கிருந்து எடுப்பாங்க? பேர் வாங்குற நம்மகிட்ட இருந்துதான். இதை மனசுல வச்சுக்கிடுங்க.

டாட் ஸ்போர்ட்டுக்கு ரெண்டு பேர் மோதினாங்க. ஒருத்தர், உலக விளையாட்டு சம்மேளனங்களோட கூட்டமைப்பான ஸ்போர்ட்அக்கார்ட். "இது விளையாட்டுச் சமூகத்துக்கான பேர், அந்தச் சமூகத்துக்குத்தான் கொடுப்போம்"னு கேட்டாங்க. இன்னொருத்தர், பல எக்ஸ்டென்ஷன்களுக்கு விண்ணப்பிச்ச ஃபேமஸ் ஃபோர் மீடியாங்கிற தனியார் நிறுவனத்தோட துணை நிறுவனம். ஆட்சேபணை, மறுஆய்வுன்னு இழுத்து, 2018லதான் டாட் ஸ்போர்ட் இன்டர்நெட்டோட மூலப் பட்டியல்ல ஏறுச்சு. ஒரு பேருக்கு 6 வருஷம்! கடைசியில கிடைச்சது சமூகத்தோட பக்கத்துக்குத்தான்.

அதே ஃபேமஸ் ஃபோர் மீடியா டாட் கிரிக்கெட்டைக் கொண்டு வந்துச்சு. அதுல இந்தக் கட்டுப்பாடு இல்லை. பேட்டைத் தொட்டே பார்க்காதவரும் வாங்கலாம். டாட் ஃபுட்பால், டாட் ஃபிட்னஸ், டாட் ரன் எல்லாமும் அப்படித் திறந்த வாசல்தான்.

ஆக, ரெண்டு வகை. ஒண்ணுல வாசல்ல காவலாளி இருக்கார். இன்னொண்ணுல கதவே இல்லை.

காவலாளி இருந்தா என்ன லாபம்? உங்க பேங்கையே பாருங்க

2025ல ரிசர்வ் பேங்க் ஒரு அறிவிப்பு விட்டுச்சு. இந்திய பேங்குகள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்'ங்கிற முகவரிக்கு மாறணும், அக்டோபர் 31க்குள்ள முடிக்கணும்னு கெடு. இந்த முகவரியைப் பதிவு பண்ணித் தர்ற உரிமை ஐடிஆர்பிடிங்கிற ஒரே அமைப்புக்குத்தான். தூத்துக்குடியில தலைமையகம் வச்சிருக்கிற தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் வாங்கலாம். நீங்களோ நானோ, பேங்க் மாதிரி நடிக்கிற மோசடிக்காரனோ வாங்க முடியாது.

அதனாலதான் அந்த முகவரிக்கு மதிப்பு. கடைசியில 'டாட் பேங்க் டாட் இன்' இருந்தா அது பேங்க்தான்னு நம்பலாம். உள்ள யாரை விடுறாங்கங்கிறதை வச்சுத்தான் ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு மரியாதை.

இப்போ அந்த 99 ரூபாய் விளம்பரத்துக்கு வருவோம். காவலாளி இருக்கிற எக்ஸ்டென்ஷன்ல, விளையாட்டோட சம்பந்தம் இல்லாம விக்கிறதுக்காகவே பேர் வாங்க விட மாட்டாங்க. காவலாளி இல்லாத எக்ஸ்டென்ஷன்ல யார் வேணும்னாலும் வாங்கலாம், அதனால பேருக்குத் தட்டுப்பாடே கிடையாது. 2012 சுற்றுல மட்டும் 1,200க்கு மேல புது எக்ஸ்டென்ஷன் வந்தாச்சு. டாட் கிரிக்கெட்ல பேர் போனா டாட் கிளப்ல இருக்கு. உங்ககிட்ட லட்சம் கொடுத்து யார் வாங்குவாங்க? ரெண்டு பக்கமும் ஊகம் பண்றவருக்கு வழி அடைப்புதான்.

நல்ல பேர் முதல் நாள்லயே உங்களுக்குக் கிடைக்காது

"சீக்கிரம் போனா நல்ல பேர் கிடைக்குமே"ன்னு தோணும். ஒரு புது எக்ஸ்டென்ஷன் விற்பனைக்கு வர்ற வரிசையைப் பாருங்க. முதல் கட்டம் 'சன்ரைஸ்'. டிரேட்மார்க் வச்சிருக்கிறவங்க மட்டும் வாங்கலாம். அடுத்து சில ரெஜிஸ்ட்ரிகள் முன்னுரிமைக் கட்டம் வைக்கும். முதல் நாள் ரொம்ப அதிக விலை, நாளுக்கு நாள் குறையும். ஆளைக் கவர்ற ஒற்றைச் சொல் பேர்களை 'பிரீமியம்'னு ரெஜிஸ்ட்ரியே தனி விலைக்கு ஒதுக்கி வச்சுக்கும். இதெல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் பொது விற்பனை. உங்க போனுக்கு விளம்பரம் வர்றது அந்தக் கடைசிக் கட்டத்துல.

டீம் பேரை வாங்கிப் போட்டா?

நம்ம ஊர்ல நிறைய பேருக்கு வர்ற யோசனை இது. தாழையூத்து சங்கர் நகர் மைதானத்துல டிஎன்பிஎல் மேட்ச் நடக்குது, கூட்டம் அள்ளுது, டீம் பேர்ல ஒரு முகவரி பிடிச்சா டீமே வந்து வாங்குமேன்னு. ரெண்டு ஆபத்து இருக்கு.

ஒண்ணு, டீம் பேரே நிக்காது. 2016ல டிஎன்பிஎல் தொடங்கின வருஷம் கோப்பை அடிச்சது தூத்துக்குடியோட டூட்டி பேட்ரியாட்ஸ். அந்த டீம் பிறகு சேலம் போய் ஸ்பார்ட்டன்ஸ் ஆயிடுச்சு. திருவள்ளூர் வீரன்ஸ், காஞ்சி வீரன்ஸாகி, அதுக்கப்புறம் நம்ம நெல்லை ராயல் கிங்ஸா வந்தாங்க. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆச்சு. பழைய பேர்ல முகவரி வாங்கி வச்சவர் கையில இப்போ என்ன இருக்கு?

ரெண்டாவது, சட்டம். அடுத்தவங்க பிராண்டை விக்கிற நோக்கத்துல பதிவு பண்ணா, ஐகேனோட 1999 தகராறு விதிப்படியோ, டாட் இன்னா இருந்தா நிக்ஸியோட விதிப்படியோ பேரைப் பறிச்சுக் கொடுத்துடுவாங்க. சத்யம் இன்ஃபோவே எதிர் சிஃபிநெட் வழக்குல, டொமைன் பேருக்கும் டிரேட்மார்க் மாதிரி பாதுகாப்பு உண்டுன்னு நம்ம உச்ச நீதிமன்றமே 2004ல சொல்லிருச்சு. லாபம் வர்றதுக்கு முன்னாடி வக்கீல் நோட்டீஸ் வரும்.

என் கணக்கு

சரி, என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் இந்த மாதிரி ஒரு விளம்பரத்துல விழுந்தேன். நெல்லை, கபடி, பொருநை, கிரிக்கெட்னு சேர்த்துச் சேர்த்து 10 பேர் வாங்கினேன். ஒரு பேர் 99 ரூபாய். 18% ஜிஎஸ்டியோட மொத்தம் 1,168. ரெண்டு பிரியாணிச் செலவுதானேன்னு நெனச்சேன்.

ரெண்டாவது வருஷ பில் வந்தப்போதான் ரினியூவல் விலையைப் பார்த்தேன். ஒரு பேருக்கு 2,400. ஜிஎஸ்டியோட 2,832. பத்துக்கு 28,320 ரூபாய்! விட்டுடலாமான்னா மனசு வரல. 'அடுத்த வருஷம் வித்துடும்'னு கட்டினேன். இப்படி நாலு ரினியூவல். 1,13,280 ரூபாய். வித்தது எத்தனை? பூஜ்யம்.

மாசத்துக்குப் பிரிச்சா 2,360 ரூபாய். அந்த நாலு வருஷமும் அதை போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில போட்டிருந்தாக்கூட அசல் மொத்தமும் பத்திரமா, வட்டியோட கைக்கு வந்திருக்கும். நம்மளைக் கவுக்கிறது முதல் வருஷ விலை இல்லை. 'இவ்வளவு கட்டியாச்சே, இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்'ங்கிற மனசுதான்.

நிஜமாவே கிளப் நடத்துறீங்களா? இதைச் செய்யுங்க

ஊர்ல கபடி டீம், கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி கிளப், சனி ஞாயிறு கோச்சிங்னு நடத்துறவங்களுக்கு முகவரி அவசியம்தான். அது முதலீடு இல்லை, தொழில் செலவு. அப்படியே கையாளுங்க.

1. ஒரே ஒரு பேர் போதும். டாட் இன்னோ டாட் காமோ, சில நூறுல இருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள்ள வருஷம் ஓடிடும்.

2. முதல் வருஷ விலையை விட்டுத்தள்ளுங்க. ரினியூவல் விலையைப் பார்த்து, 5 வருஷத்துக்குப் பெருக்கி, ஜிஎஸ்டி சேர்த்துப் பார்த்துட்டு முடிவெடுங்க.

3. கணக்கு உங்க பேர்ல, உங்க மெயில்ல, உங்க போன் நம்பர்ல இருக்கணும். டிசைனர் வேலை செய்யட்டும், சாவி உங்க கையில இருக்கட்டும். என் தம்பி தவறினது இங்கதான்.

4. ஆட்டோ ரினியூவல் போடுங்க. கார்டு மாத்தினா அங்கயும் மாத்துங்க. தவறிப் போனாலும் பதறாதீங்க. டாட் காம் மாதிரி எக்ஸ்டென்ஷன்கள்ல காலாவதிக்கு அப்புறம் ரெஜிஸ்ட்ரார் 45 நாள் வரை அவகாசம் தரலாம். அவங்க நீக்கினதுக்கு அப்புறமும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போ அபராதம் கூடுதலா இருக்கும். அதையும் விட்டா 5 நாள்ல பேர் சந்தைக்குப் போயிடும்.

5. புது எக்ஸ்டென்ஷன்ல ஏற்கெனவே இருக்கீங்களா? விலை ஏத்துறதுக்கு ரெஜிஸ்ட்ரி 180 நாள் முன்னாடி ரெஜிஸ்ட்ரார்கிட்ட சொல்லணும், பழைய விலையிலேயே 10 வருஷம் வரை புதுப்பிக்க வழி விடணும்னு ஐகேன் ஒப்பந்தம் சொல்லுது. பிரீமியம் பேர்ல விதி வேற மாதிரி இருக்கலாம், கேட்டுக்கிடுங்க.

6. டாட் ஸ்போர்ட் மாதிரி சமூக எக்ஸ்டென்ஷன் வேணும்னா, உங்க கிளப்புக்குத் தகுதி இருக்கான்னு முதல்ல பாருங்க. தகுதி இருந்து, தேசிய அளவுல பேசுற சங்கம்னா அர்த்தம் உண்டு. தெரு முனை கோச்சிங்குக்கு அது அவசியம் இல்லை.

கடைசியா ஒண்ணு

நெல்லையப்பர் கோயில் முன்னால இருட்டுக்கடையைப் பார்த்திருப்பீங்க. ஒரே ஒரு பல்பு வெளிச்சத்துல வியாபாரம் பண்ணி, ஊர் வச்ச பேர்லயே உலகம் பூரா தெரிஞ்ச கடை. சாயங்காலம் வரிசை நிக்கிறது அந்த அல்வாவுக்காக. பேரைக் காசு கொடுத்து வாங்கிடலாம் மக்களே, பேர் எடுக்கிறதுதான் கஷ்டம்.

என் தம்பி இப்போ ஒரு டாட் இன் முகவரி வச்சிருக்கான், அவன் பேர்ல, 5 வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டி. போன கோடை கேம்ப்புக்கு 34 பசங்க. நான் அந்தப் பத்துப் பேரையும் விட்டுட்டேன். அதே 2,360 ரூபாய் இப்போ மாசாமாசம் எஸ்ஐபியில போகுது.

உங்க மெயில்ல 'ரினியூவல்'னு ஒரு தடவை தேடிப் பாருங்க. எதுக்கெல்லாம் வருஷா வருஷம் குத்தகை கட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சுடும். அடுத்த வீடியோவுல பார்ப்போம், வரட்டுமா!