நீரிழிவும் காற்புண்ணும்

சென்னை மாநகரின் வடபால், இராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் கடற்கரைப் பகுதி, உழைப்பாளர் நிறைந்த பகுதியாகும். துறைமுகத்தில் சரக்குகளைக் கையாள்வோரும், காசிமேட்டில் வலை இழுப்போரும், ஆலைகளில் எந்திரங்களின்முன் நிற்போரும் அங்கே வாழ்கின்றனர். இவர்களது பிழைப்பு கையை நம்பியது என்று நாம் எண்ணுகிறோம். அது காலையும் நம்பியதே. நாள் முழுதும் நின்றும் நடந்தும் சுமந்தும் உழைப்பவருக்குக் கால் போயிற்றெனில் பிழைப்பே போயிற்று. அத்தகைய காலை ஒரு சிறு புண் பறித்துவிடக்கூடும் என்றால் நம்புதல் அரிது. எனினும், நீரிழிவு உடையோரிடத்தில் இஃது உண்மை. இந்நோயால் காலை இழந்தோருள் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல், முதலில் இருந்தது ஆறாத ஒரு புண்ணே என மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

நீரிழிவு என்பது யாது? நாம் உண்ணும் உணவின் பெரும்பகுதி சர்க்கரையாக மாறிக் குருதியில் கலக்கிறது. அச்சர்க்கரையை உடல் பயன்படுத்திக்கொள்ளத் துணைபுரிவது, கணையத்தில் சுரக்கும் இன்சுலின் என்னும் பொருள். அது போதிய அளவு சுரவாவிடினும், சுரந்தும் நன்கு செயற்படாவிடினும், சர்க்கரை குருதியிலேயே தேங்கிவிடுகிறது. 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் அறிஞர்கள் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். அதன்பின் நீரிழிவு உடையோர் பல்லாண்டு வாழ்தல் இயல்வதாயிற்று. ஆனால், பல்லாண்டுகள் சர்க்கரை மிகுந்தே இருப்பின், அது நரம்புகளையும் குருதிக்குழாய்களையும் மெல்ல மெல்லக் கெடுத்துவிடும்.

நலமுள்ள உடலில் ஒரு காயம் பட்டால், குருதி அவ்விடத்திற்கு ஊட்டத்தைக் கொண்டு செல்கிறது. வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கின்றன. புதிய தசை வளர்ந்து தோல் மூடிக்கொள்கிறது. நீரிழிவு இம்முறையை மூன்று வகையில் தடுக்கிறது. குருதிக்குழாய்கள் குறுகுவதால் காலுக்குப் போதிய ஊட்டம் செல்வதில்லை. வெள்ளணுக்களின் ஆற்றல் குன்றுவதால் கிருமிகள் பெருகுகின்றன. இவ்விரண்டினும் வஞ்சகமானது மூன்றாவது தடை. நரம்பு கெடுவதால் பாதம் வலியை அறிவதில்லை. செருப்பினுள் கிடக்கும் சிறு கல்லும், உச்சிவேளையில் பழுக்கக் காய்ந்த இரும்புத் தகடும் அப்பாதத்திற்குத் தெரிவதில்லை. வலியை நாம் பகையாகக் கருதுகிறோம். அது நம் உடலின் காவற்காரன் அன்றோ! காவற்காரன் உறங்கினால் வீடு கொள்ளை போகும்.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியோருள் ஒருவர், 1914ஆம் ஆண்டில் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்டு. அவர் 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளருக்குத் தொண்டு புரிந்தார். தொழுநோய் தசையை அழுகச் செய்கிறது என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். அவரோ, புண்பட்ட பாதத்தை மாவுக்கட்டினால் பொதிந்து காத்தால் புண் ஆறுவதைக் கண்டார். தசை தானே அழுகவில்லை. வலி தெரியாமையால், புண்பட்ட இடத்தையே மீண்டும் மீண்டும் ஊன்றி நடந்ததனால் புண் வளர்ந்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர். இடைவிடாத அழுத்தத்தைத் தசை தாங்குமா? 1966ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற அவர், நீரிழிவாளரின் காற்புண்ணுக்கும் இதே முறை பயன்படுவதை எடுத்துக்காட்டினார்.

ஆகவே, நீரிழிவுப் புண்ணுக்கு மருந்து மட்டும் போதாது. சர்க்கரையை அளவில் நிறுத்தல் வேண்டும். கெட்ட தசையையும் தடித்த காய்ப்பையும் மருத்துவர் நீக்குவார். கிருமி புகுந்திருப்பின் அதற்குரிய மருந்து தருவார். குருதி ஓட்டத்தை ஆராய்ந்து, குழாயில் அடைப்பு இருப்பின் அதனைத் திறக்க வழி செய்வார். இவையனைத்தும் செய்தும், புண்பட்ட காலை ஊன்றி நடந்தால் பயன் இல்லை. மாவுக்கட்டோ தனிக் காலணியோ கொண்டு, புண்ணின்மீது உடற்பாரம் விழாமல் காத்தல் இன்றியமையாதது. வலி இல்லையே என்று, ஒரு நாட்கூலியை இழக்க மனமின்றி வேலைக்குச் செல்பவர், வாழ்நாட்கூலியை இழக்க நேரிடும்.

இந்நோய்க்குரிய மருத்துவத்தில் வடசென்னைக்குச் சிறப்பிடம் உண்டு. பேராசிரியர் எம். விசுவநாதன் 1954ஆம் ஆண்டில் இராயபுரத்தில் ஒரு பொது மருத்துவமனையைத் தொடங்கினார். அது 1971ஆம் ஆண்டில் நீரிழிவுக்கென்றே அமைந்த மருத்துவமனையாயிற்று. இத்தகைய மருத்துவமனைகளில், புண் தோன்றுமுன்னரே பாதத்தை ஆராய்கின்றனர். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து அழுத்துவர். அது படுவதை உணராத பாதம் இடருக்கு உள்ளான பாதம் எனக் கொள்வர்.

வீட்டில் செய்யத்தக்கவையும் பல. நாள்தோறும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரம் இல்லாமல் துடைத்தல் வேண்டும். வீட்டினுள்ளும் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. காலணியை அணியுமுன் உதறிப் பார்த்தல் வேண்டும். நீரின் வெப்பத்தைக் காலால் அறிய முயலலாகாது. காய்ப்பைத் தாமே அறுப்பதும், புண்ணில் சுண்ணாம்பும் காப்பித்தூளும் அப்புவதும் தீங்கு பயக்கும். பாதம் சிவந்தாலும், வீங்கினாலும், கறுத்தாலும், தீநாற்றம் வீசினாலும் அன்றைக்கே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து பேணுவோரையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகக் கூறியுள்ளார். மாணவர்களே! அந்நான்காம் இடம் உங்களுக்கு உரியது. முதுமையால் குனிய இயலாத பாட்டனாருக்கும், கண்பார்வை மங்கிய பாட்டியாருக்கும் தம் உள்ளங்காலைத் தாமே பார்த்தல் அரிது. மாலைதோறும் விளக்கொளியில் அவர்தம் பாதங்களை நீங்கள் பாருங்கள். வலி என்னும் காவற்காரன் உறங்கிவிட்ட இடத்தில், உங்கள் கண் விழித்திருக்கட்டும்.