இளநீர் வேண்டாம் என்றால் கோபப்படாதீர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உடம்பு முடியாதவரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லை. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் வாழையும் பலாவும் விளைகிற ஊர்கள். இரண்டு இளநீர், ஒரு சீப்பு வாழைப்பழம் என்று கையில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவருக்கு அந்த அன்பே ஆபத்தாகிவிடும். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி, நின்றுபோகவும் கூடும். அதனால்தான் அவர் "வேண்டாம்" என்கிறார். வந்தவர்களோ, "பார்க்க நல்லாத்தானே இருக்கே, இதுகூடவா குடிக்கக் கூடாது?" என்று வற்புறுத்துகிறார்கள்.

பார்க்க நன்றாக இருப்பதுதான் சிக்கலே. உள்ளுறுப்புக் குறைபாடு உள்ளவரிடம் ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ இருக்காது. பலவீனமான இதயத்தோடு மாடிப்படி ஏற முடியாதவர், குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் பை கட்டியிருப்பவர், ஹீமோபிலியா உள்ள பையன் எல்லோரும் பேருந்தில் நம் பக்கத்தில் சாதாரணமாகத்தான் நிற்பார்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் ஒரு வாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். மணமேல்குடியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ வருகிறவருக்குப் போக வர ஆகும் நேரம் தனி. முடித்து இறங்கும்போது ரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும். அடுத்த நாள் வேலைக்குப் போகாவிட்டால் "சோம்பேறி" என்ற பெயர். சித்திரை வெயிலிலும் பலருக்கு ஒரு நாள் முழுவதற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் அளவில்தான் அனுமதி. குழம்பும் மோரும் அந்தக் கணக்கில் சேர்த்தி. கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் விர்ரென்று ஒரு அதிர்வு ஓடும். காலையில் எழுந்ததும் அது ஓடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பேருந்து ஏறும்போது உதவுவதாக நினைத்து அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள்செல் நோய் ஆகிய மூன்று ரத்த நோய்களும் அதில் உண்டு. ஆனால் அரசு வேலைக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டுப் பிரிவுகளில் அவை இடம்பெறவில்லை. சிறுநீரகச் செயலிழப்பும் இதய நோயும் 21இல் வரவே இல்லை. ஜப்பான் 1967இலேயே இதயம், நுரையீரல் குறைபாடுகளையும், 1972இல் சிறுநீரகக் குறைபாட்டையும் ஊனமாக ஏற்றுக்கொண்டது. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் பையில் மாட்டிக்கொள்ள, சிவப்பு அட்டையில் வெள்ளைக் கூட்டல்குறியும் இதயமும் வரைந்த அடையாளத்தை டோக்கியோ நகரம் 2012இல் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் இந்த அங்கீகாரம் வர வேண்டும். நோயால் உழைக்கும் திறனை இழந்தவரை "உனக்கு என்ன ஊனம்?" என்று கேட்டு அனுப்புவது நியாயமில்லை.

இப்போதைக்குக் கிடைப்பவற்றையாவது விட்டுவிடக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் திரவப் பைகள் வீடு தேடி வருகின்றன. டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ ரயிலில் போகும் சிறுநீரக நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்று வேண்டும். இதய அறுவைக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்க்கப் போகுமுன், "என்ன கொண்டு வரலாம்?" என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். டயாலிசிஸ் நாளில் வண்டியில் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டி வர முடிந்தால், நீங்கள் வாங்கிப் போகும் எந்தப் பழத்தைவிடவும் அதுதான் அவருக்குத் தேவை.